பேர்போன் கேமிங் லேப்டாப்: எதை முதலிலேயே யோசிப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது

மேசைக் கணினியை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிப் பழகியவர்களுக்கு, லேப்டாப்பையும் அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருநாள் வந்துவிடும். செய்யலாம், ஆனால் பாதி வரைக்கும்தான். இன்றைய கேமிங் லேப்டாப்புகளில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையோடு இன்டெல் தன் மொபைல் ப்ராசஸர்களுக்குச் சாக்கெட் போடுவதை நிறுத்திவிட்டது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்ட உதவிய எம்எக்ஸ்எம் ஸ்லாட்டும் மெல்ல மறைந்தது. கிளெவோவின் எக்ஸ்170 போன்ற கனத்த மாடல்கள் 2020, 2021 வாக்கில்கூட டெஸ்க்டாப் ப்ராசஸரை லேப்டாப்புக்குள் உட்கார வைத்தன. அதற்கப்புறம் அந்தப் பாதையில் பெரிதாக யாரும் போகவில்லை.

இன்று பேர்போன் என்று விற்பது இதுதான்: உடல், மதர்போர்டு, அதில் ஒட்டியிருக்கும் ப்ராசஸரும் கிராபிக்ஸும், சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க், ஃபேன்கள், திரை, கீபோர்டு, பேட்டரி, சார்ஜர். ரேம், எஸ்எஸ்டி, ஆபரேட்டிங் சிஸ்டம் உங்கள் பாடு. சிலவற்றில் வைஃபை கார்டும் இருக்காது.

ஆகவே கணக்கு எளிது. பிறகு மாற்ற முடியாதவற்றில் பணத்தையும் யோசனையையும் கொட்டுங்கள். மாற்றக்கூடியவற்றைச் சிக்கனமாகத் தொடங்கினால் போதும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்த எஸ்எஸ்டி வேகம் என்று வாரக்கணக்கில் அலசிவிட்டு, சேசிஸை, அதாவது உடலை, பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

படி 1: சேசிஸ்

பேர்போன் உடல்களைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். தைவானின் கிளெவோவும் சீனாவின் டோங்ஃபாங்கும் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். இவர்களிடம் உடலை வாங்கித் தங்கள் பெயரில் விற்பவர்கள் பலர்: எக்ஸ்எம்ஜி, சேஜர், டக்ஸீடோ, சிஸ்டம்76 என்று பட்டியல் நீளும். வெளியே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் உடலுக்கு ஒரு மாடல் எண் உண்டு. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால்தான் வேறு பெயரில் விற்ற அதே உடலுக்கு வந்த விமர்சனங்கள், சர்வீஸ் மேனுவல், மாற்று ஃபேன், மாற்று பேட்டரி எல்லாவற்றையும் தேட முடியும். மாடல் எண்ணைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத, நாமே பூட்டிக்கொள்ளும் டிஐஒய் வடிவில் அதை வாங்கலாம். அதன் கிராபிக்ஸும் பின்பக்கமாகக் கழற்றி மாட்டும் மாட்யூலாகவே வருகிறது. முதலில் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் மட்டும் கிடைத்தது. 2025-இல் அதே உடலுக்கு ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலையும் அறிவித்தார்கள். அதே செலவில் கிடைக்கும் சாதாரண கேமிங் லேப்டாப்பைவிட ஃபிரேம்கள் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) குறைவாகத்தான் வரும். பல ஆண்டுகள் ஒரே உடலை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அது பொருந்தும். இந்த வருடம் அதிக ஃபிரேம் வேண்டும் என்பவருக்குப் பொருந்தாது.

படி 2: கிராபிக்ஸ் சிப், அதைவிட முக்கியமாக அதற்குக் கிடைக்கும் வாட்

இங்கே நிதானமாகப் படியுங்கள். ஏமாறும் இடம் இதுதான்.

லேப்டாப் கிராபிக்ஸின் பெயரும் டெஸ்க்டாப் கார்டின் பெயரும் ஒன்றாக இருக்கும், சிப் ஒன்றாக இருக்காது. ஆர்டிஎக்ஸ் 4090 லேப்டாப்பில் இருப்பது டெஸ்க்டாப் 4080-இன் ஏடி103 சிப். லேப்டாப் 4070-இல் இருப்பது டெஸ்க்டாப் 4060 டிஐ-யில் உள்ள ஏடி106. ஆகவே டெஸ்க்டாப் கார்டின் பெஞ்ச்மார்க்கைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்தது டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கு அனுமதித்திருக்கும் மின்சக்தி. லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தத் தயாரிப்பாளருக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. ப்ராசஸருக்குத் தேவைப்படாத மின்சக்தியைக் கிராபிக்ஸுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் சேர்ந்தால் 140 வரை போகும். 45 வாட்டில் ஓடும் 4060-உம் 115 வாட்டில் ஓடும் 4060-உம் பெயரளவில்தான் ஒன்று. விளம்பரத்தில் பெயர் பெரிதாக இருக்கும், வாட் அடிக்குறிப்பில் இருக்கும். அது இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அதற்காக 140 வாட்டைத் துரத்தவும் வேண்டாம். 4060, 4070 இரண்டிலுமே 100 வாட்டைத் தாண்டியபின் கிடைக்கும் லாபம் சொற்பம், ஃபேன் சத்தம் மட்டும் ஏறும்.

மூன்றாவது, விரேம், அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கென்று இருக்கும் தனி நினைவகம். லேப்டாப் 4060, 4070 இரண்டுக்கும் 8 ஜிபிதான். 4080-க்கு 12, 4090-க்கு 16. அடுத்த தலைமுறையிலும் 5060, 5070 லேப்டாப் சிப்களுக்கு 8 ஜிபியே. 5070 டிஐ-க்கு 12, 5080-க்கு 16, 5090-க்கு 24. ரேமைப் போல இதைப் பிறகு கூட்ட முடியாது. டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து ஆடும் பழக்கம் உள்ளவர் 12 ஜிபிக்கு ஏறுவது நல்லது. 4060-இலிருந்து 4070-க்குத் தாவுவதைவிட அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து 12 ஜிபி சிப்புக்குப் போவதுதான் என் கணக்கில் உருப்படியானது.

இன்னொன்று, மக்ஸ் ஸ்விட்ச். அது இல்லாத லேப்டாப்பில் பெரிய கிராபிக்ஸ் சிப் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும். அதில் கொஞ்சம் ஃபிரேம் வீணாகும். மக்ஸ் இருந்தால் திரையை நேரடியாகப் பெரிய சிப்போடு இணைத்துக்கொள்ளலாம்.

படி 3: ப்ராசஸர்

இதில் அதிகம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டுக்கு மட்டும் என்றால் நடுத்தர ப்ராசஸரும் நல்ல கிராபிக்ஸும் உள்ள உடல், உச்ச ப்ராசஸரும் சுமார் கிராபிக்ஸும் உள்ளதை எளிதாக முந்திவிடும். வீடியோ எடிட்டிங், கோட் கம்பைல் போன்ற வேலையும் இருந்தால் இன்டெல்லிலோ ஏஎம்டியிலோ ஹெச்எக்ஸ் என்று முடியும் மாடல்களைப் பாருங்கள். அவற்றில் பல அடிப்படையில் டெஸ்க்டாப் சிப்கள், அதனால் சூடும் மின்செலவும் அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஏஎம்டியின் 7000 வரிசையில் ஒரு பொறி உண்டு. நான்கு இலக்கத்தில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைக் காட்டும். ரைசன் 7 7735ஹெச்எஸ் என்பது பழைய ஜென் 3+, 7840ஹெச்எஸ் என்பது ஜென் 4. முதல் எண் 7 என்பதால் இரண்டும் ஒரே வயது என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 4: சூடு, மின்சாரம், திரை

ஹீட்சிங்க்கைப் படத்தில் பாருங்கள். ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் பொதுவாக எத்தனை செப்புக் குழாய்கள் போகின்றன, காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதெல்லாம் சர்வீஸ் மேனுவலில் தெரிந்துவிடும். வலது பக்கம் வெப்பக் காற்று வந்தால் மவுஸ் பிடிக்கும் கை வெந்துபோகும். இதை யாரும் விவரப் பட்டியலில் எழுதுவதில்லை. சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே லிக்விட் மெட்டல் பூசி வருகிறதா என்றும் கேளுங்கள். குளிர்ச்சி நன்றாக இருக்கும், ஆனால் அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். புதியவர் பிறகு திறந்து துடைத்துப் பூச ஏற்ற பொருள் அல்ல. ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற, சூடேறினால் இளகிப் பரவும் ஃபேஸ் சேஞ்ச் பேட் உள்ளதாகக் கிடைத்தால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

சார்ஜரின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள். கிராபிக்ஸுக்கு 140, ப்ராசஸருக்கு 65, திரை, ஃபேன், யூஎஸ்பி எல்லாம் சேர்ந்தால் 230 வாட் சார்ஜர் இல்லாமல் ஆகாது. சிறிய சார்ஜர் கொடுத்திருந்தால், செருகியிருக்கும்போதே விளையாட்டின் நடுவில் பேட்டரி சதவீதம் இறங்கும். யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகும் என்பது பயணத்துக்கு உதவி. பரவலாக இருக்கும் 100 வாட் சார்ஜரில் முழு வேகத்தில் ஆட முடியாது. பேட்டரியை 99 வாட்-அவரில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 100-ஐத் தாண்டினால் விமானத்தில் எடுத்துப்போக விமான நிறுவனத்தின் அனுமதி தேவை, அதனால்தான் அந்த எண்.

திரையில் ரெஃப்ரெஷ் ரேட்டை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். '45% என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும் மலிவு பேனல். '100% எஸ்ஆர்ஜிபி' என்றிருக்க வேண்டும். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையக் கூடாது. 8 ஜிபி விரேம் உள்ள சிப்புக்கு 2560×1600 போதும், 4கே வேண்டாம்.

கீபோர்டின் எழுத்து அமைப்பு உங்களுக்குப் பழகியதுதானா என்று ஆர்டர் போடும்முன் பாருங்கள். சேசிஸ் வேலை அதோடு முடிந்தது.

படி 5: ரேம்

லேப்டாப் ரேமுக்கு எஸ்ஓ-டிம் என்று பெயர். டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262 பின். நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது. வாங்கும் முன் உடலில் எத்தனை ஸ்லாட், எந்தத் தலைமுறை, அதிகபட்சம் எவ்வளவு ஜிபி என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய உடல்களில் ரேமும் மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும். அப்படியென்றால் அதை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' பட்டியலிலிருந்து எடுத்து முதல் படிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நினைவகப் பாதையில் பாதிதான் வேலை செய்யும், பல விளையாட்டுகளில் அது ஃபிரேம்களில் தெரியும். டிடிஆர்5-இல் 8 ஜிபி குச்சிகளைத் தவிர்க்கவும். அவற்றில் அகலமான நான்கு சிப்களை வைத்துச் சிக்கனம் செய்திருப்பார்கள். அதனால் உள்ளே பாங்க் குழுக்கள் பாதியாகி, அதே வேக எண் எழுதியிருந்தாலும் 16 ஜிபி குச்சியைவிட மெதுவாக ஓடும். இரண்டு 16 ஜிபி, 5600 வேகம் என்று போட்டால் போதும். ரேம் விலை கண்டபடி ஏறி இறங்கும் பொருள். ஏறியிருக்கும் நேரத்தில் வாங்க நேர்ந்தால் ஒரே ஒரு 16 ஜிபி குச்சியோடு தொடங்கிவிட்டு, விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். சில மாதம் கொஞ்சம் குறைந்த ஃபிரேமில் ஆடுவது பெரிய குற்றமில்லை.

டெஸ்க்டாப் ஆசையில் எக்ஸ்எம்பி வேகம் (தரநிலையைத் தாண்டி ரேமை ஓட்டும் வேகம்) எழுதிய ரேமை வாங்காதீர்கள். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட மென்பொருள்) எக்ஸ்எம்பியை இயக்க வழியே இருக்காது. ஜெடெக் என்ற பொதுத் தரநிலையின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள், ஓடப்போவது அதில்தான்.

படி 6: எஸ்எஸ்டி

எம்.2 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். என்விஎம்இ வகைதான் வேண்டும். அதே வடிவத்தில் அதைவிட மெதுவான சாட்டா வகையும் விற்கிறார்கள், விவரத்தைப் படிக்காமல் எடுக்காதீர்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ நொடிக்கு 3,500 எம்பி வாக்கிலும் நான்காம் தலைமுறை 7,000 வாக்கிலும் தரும். விளையாட்டு திறக்கும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஐந்தாம் தலைமுறை லேப்டாப்புக்குள் வீண் சூடு. டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட்) நான்காம் தலைமுறை ஒன்றை எடுங்கள், கியூஎல்சி (நான்கு பிட்) வேண்டாம். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப கியூஎல்சியின் எழுதும் வேகம் படுத்துவிடும்.

அளவு 1 டிபிக்குக் குறைய வேண்டாம். 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். இரண்டாவது ஸ்லாட் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள், தேவை வரும்போது சேர்க்கலாம். அந்த இரண்டாவது ஸ்லாட் முதலாவதைவிட மெதுவாகவோ நீளம் குறைந்ததாகவோ இருக்கலாம், மேனுவலில் பாருங்கள். அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டியை வாங்கினால் அடிமூடி மூடாது.

படி 7: வைஃபை கார்டு

சின்ன விஷயம், ஆனால் ஒரு எண்ணில் தவறிவிடும். இன்டெல் ஏஎக்ஸ்210 எந்த ப்ராசஸரோடும் வேலை செய்யும். ஏஎக்ஸ்211 அதே வடிவம், அதே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் அதன் பாதி வேலை இன்டெல் ப்ராசஸருக்குள் நடக்கிறது. ஏஎம்டி உடலில் மாட்டினால் கார்டு இருப்பதே தெரியாது. கடைசி எண் 1 என்றால் இன்டெல்லுக்கு மட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பூட்டுவது

சார்ஜரைக் கழற்றி, பவரை முழுதாக அணைத்துவிட்டு அடிமூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். அவை எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மூடியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்புங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள ஸ்டாட்டிக்கையும் போக்கிவிட்டு ரேமை எடுக்கலாம். ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் முழுதாகச் செருகி, தங்க நிறப் பட்டை ஏறக்குறைய மறைந்ததும் கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கியும் டிக்கென்று பிடிக்கும். எஸ்எஸ்டியும் அதே மாதிரி சாய்த்துச் செருகுவதுதான். மறுமுனையில் ஒரு குட்டி ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ பெட்டியில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பொறுமையைச் சோதிப்பது வைஃபை ஆன்டெனா வயர்கள்தான். நுனியில் கடுகு அளவில் ஒரு வட்டக் கனெக்டர் இருக்கும். அதைக் கார்டில் உள்ள மேட்டின்மேல் நேராக வைத்து, அசைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்த உணர்வு வந்தபின் நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ செங்குத்தாக அழுத்துங்கள். கோணலாக வைத்து அழுத்தினால் அதன் விளிம்பு நசுங்கிவிடும், அப்புறம் வயரையே மாற்ற வேண்டியதுதான். அடிக்கடி கழற்றி மாட்டவும் அது தாங்காது.

படி 9: முதல் பவர்

டிடிஆர்5 உள்ள லேப்டாப்பை முதல்முறை போடும்போது திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது. பயாஸ் புதிய ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் ஆகலாம், அதற்குள் பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் கறுப்பாகவே இருந்தால் ஒரு குச்சியை மட்டும் விட்டுப் பாருங்கள்.

திரை வந்ததும் பயாஸுக்குள் போய் ரேம் அளவும் எஸ்எஸ்டியும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் போடுங்கள். இன்டெல் உடல்களில் இன்ஸ்டாலர் 'டிரைவே இல்லை' என்று சொன்னால் எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. விஎம்டி என்ற இன்டெல்லின் சேமிப்பகக் கட்டுப்பாட்டு வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான இன்டெல் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்றுங்கள், அல்லது நிறுவும் முன்பே பயாஸில் விஎம்டியை அணையுங்கள். நிறுவிய பிறகு அதை மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. வைஃபை டிரைவரையும் அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

பிறகு அந்த உடலுக்கான கன்ட்ரோல் சென்டர் மென்பொருள். பலர் இதைத் தேவையற்ற குப்பை என்று நிறுவாமல் விட்டுவிடுகிறார்கள். பேர்போன் உடல்களில் ஃபேனின் வேகமும் கிராபிக்ஸின் வாட் வரம்பும் பெரும்பாலும் இதன் கையில் இருக்கும். இது இல்லாமல் 115 வாட் சிப் அதில் பாதியிலேயே முடங்கிக் கிடக்கலாம். லினக்ஸ் போடுவதாக இருந்தால், அந்த உடலுக்கு அங்கே ஃபேன் கட்டுப்பாடு கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் சோதிப்பது

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் திரும்பிப் போக வேண்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால் கிராபிக்ஸின் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். விற்பனையாளர் எழுத்தில் சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பிறகு சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைப் பின்னணியில் ஓடவிட்டு, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஆடுங்கள். கிராபிக்ஸ் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 87-ஐத் தொட்டுக்கொண்டே வாட் இறங்கினால் ஹீட்சிங்க் சரியாக அழுந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். இன்டெல் மொபைல் சிப்கள் பலவற்றுக்கு வரம்பே 100 டிகிரி, ஆகவே ப்ராசஸர் 90-இல் ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகத் தொடர்ந்து காட்டினால் சிப்பின்மேல் பூசிய பேஸ்ட் சமமாகப் பரவவில்லை. நீங்களே திறந்து மறுபடி பூசினால் வாரண்டி போகுமா என்று முதலில் விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாரண்டி இங்கே மூன்று நான்காகச் சிதறிக் கிடக்கும்: உடலுக்கு ஒருவர், ரேமுக்கு ஒருவர், எஸ்எஸ்டிக்கு ஒருவர். பில்களையெல்லாம் ஒரே இடத்தில் வையுங்கள். ரேம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர்களில் உள்ள சீரியல் எண்ணை அடிமூடியை மூடும் முன்பே படமெடுத்துக்கொண்டால், நாளைக்கு ஒரு எண்ணைப் படிப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவை மறுபடி கழற்ற வேண்டியிருக்காது.